பால் சுறாவும் புள்ளிமானும்

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் வழியில் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கியது பிறகு தென்னேரி ஆயிற்று என்பார்கள். அந்த இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் பெரும்பாணாற்றுப்படை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையும் அவருடையதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு தாய்மார் கண்ணில் படுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசைக்குள் பிள்ளை பெற்றவள் குழந்தையோடு மான்தோலில் படுத்திருக்கிறாள். பட்டினப்பாலையில் பரதவர் ஒரு சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அது சினையாக இருந்த சுறா என்பதையும் புலவர் விடாமல் சொல்கிறார். கொம்புள்ள அந்த மீன் இன்று நாம் வேளா என்கிற மீனாக இருக்கலாம். விலங்கியலார் கணக்கில் வேளா திருக்கைகளோடு சேரும். அது கிடக்கட்டும். சுறா வகையில் சினை என்றால் முட்டைக் குவியல் அல்ல, வயிற்றுக்குள் குட்டி என்பது நெய்தல் நிலத்து மக்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

மானையும் சுறாவையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலும் பல்லிலிருந்துதான் தொடங்குவார்கள். ஒன்று கடிப்பது, மற்றது கடிபடுவது. ஒன்று கொடியது, மற்றது சாது. கோயில் மரபும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. சிவன் கையில் மான். அவன் எரித்த காமனின் கொடியில் சுறா. காஞ்சிபுரத்துப் பட்டுக் கரையில் மான் ஓடும், மயில் ஆடும். சுறா நீந்தும் சேலையை யாரும் கேட்டு வருவதாகத் தெரியவில்லை. இந்த ஒப்பீடு முதல் அடியிலேயே தவறுகிறது என்பது என் கருத்து. பல்லை விட்டுவிட்டுக் கருப்பையைப் பார்த்தால் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். சுறாவை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது, எதை விடுவது என்ற கேள்விகளுக்கு விடை அங்கிருந்துதான் கிடைக்கும்.

பொதுவாகச் சுறா, பொதுவாக மான் என்று பேசினால் எதுவும் நிற்காது. சுறாவில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆகவே நம் பக்கத்து ஆட்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் உள்நாட்டு ஊர்கள் வரை வந்துசேரும் பால் சுறா. மற்றது, கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் சென்னைவாசிகள் பார்க்கிற புள்ளிமான்.

பால் சுறா பெரிய மீன் அல்ல. சாதாரணமாக ஒரு மீட்டர், சற்றுக் கூடுதலாகவும் வளரும். மேலே சாம்பல், அடியில் வெள்ளை. கரையோர நீரில் திரிந்து சின்ன மீன், கணவாய், இறால் தின்னும். தன்னைவிடப் பெரிய சுறாக்களுக்கு இரையாகும். ஏறக்குறைய ஒரு வருடம் குட்டிகளைச் சுமக்கிறது. ஒரு ஈற்றில் ஒன்று முதல் எட்டு வரை வரலாம். வழக்கமாக இரண்டிலிருந்து ஐந்து. பிறக்கும்போது குட்டியின் நீளம் 25 முதல் 39 சென்டிமீட்டர். தாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளிமான் ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுகிறது.

சுறா குட்டி போடுகிறது என்பதோடு செய்தி முடிவதில்லை. வயிற்றுக்குள் குட்டி எப்படி வளர்கிறது என்பதில்தான் வியப்பு. முதலில் கரு தன் மஞ்சள்கருவைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் வெறும் பையாகிப்போன மஞ்சள்கருப் பை தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறுகிறது. தாயின் உடம்பிலிருந்து உணவு தொப்புள்கொடி வழியாகக் குட்டிக்குப் போகிறது. மானுக்கும் மனிதருக்கும் நடப்பதேதான். கட்டுமானம் வேறு, வேலை ஒன்று. சில சுறாக்களில் இப்படி உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருந்தார். பல நூற்றாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1842இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் அறுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே உலகம் நம்பியது. மீன் அறுக்கும் பெண்களிடம் கேட்டிருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்காது.

சந்தையில் கூறு கட்டி வைத்திருக்கும் குட்டிச் சுறா ஒன்றை மல்லாக்கத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே, தொண்டைக்குச் சற்றுக் கீழே, சின்னக் கீறல் ஒன்று இருக்கும். தொப்புள். மத்தியிலோ சங்கராவிலோ இதைத் தேடினாலும் கிடைக்காது. கீறல் திறந்த நிலையில் இருந்தால் பிறந்து அதிக நாள் ஆகவில்லை. மூடித் தழும்பாகியிருந்தால் சில வாரங்கள் கடலில் தானாக இரை தேடியிருக்கிறது. பிறந்தபின் தாயின் கவனிப்பு துளியும் இல்லை. மான்குட்டி புல்லுக்குள் ஒளிந்து கிடந்து, தாய் வந்து பால் கொடுக்கக் காத்திருக்கிறது. சுறாக்குட்டி பிறந்த நிமிடத்திலிருந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. பெயரிலே பால் இருந்தும் பால் தராத தாய் அது. தன் பங்கையெல்லாம் வயிற்றுக்குள் இருக்கும்போதே கொடுத்துவிடுகிறது.

மத்தி ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டை இடும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிந்தாலும் கூட்டம் மீண்டுவிடும். நம் மீன்பிடித் தொழிலின் பழக்கம், வலையின் கண், தடைக்காலத்தின் கணக்கு எல்லாம் இப்படிப்பட்ட மீன்களை மனதில் வைத்து வளர்ந்தவை. சுறாவின் கணக்கு வேறு. வருடத்துக்கு நாலைந்து குட்டி என்பது மானை விடக் கூடுதல்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. சுறாக்களுக்குள் பால் சுறா வேகமாக வளர்கிற, சீக்கிரம் முதிர்கிற இனமும்கூட. அப்படியிருந்தும் நாலைந்து என்ற எண் மானின் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறதே ஒழிய மத்தியின் பல்லாயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. வம்சாவளியும் இதற்கு ஒத்துப்போகிறது. எலும்புள்ள மீன்களின் ஒரு கிளைதான் கரையேறித் தவளையாக, பல்லியாக, மானாக, நாமாக ஆனது. குருத்தெலும்புச் சுறாக்கள் அதற்கு வெகு முன்னமே தனி வழி போய்விட்டன. ஆகவே ரத்த உறவு பார்த்தால் மத்திக்குச் சுறாவை விட மானே நெருக்கம். மீன் கடையில் ஒரே பலகையில் கிடப்பதால் மட்டும் இரண்டும் சொந்தமாகிவிடாது.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். சுறாக்களில் முட்டையிடும் இனங்களும் உண்டு. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு திமிங்கலச் சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் இருந்தன. ஆனால் அவையும் குட்டிகளாகத்தான் பிறக்கவிருந்தன.

உடம்பின் மற்ற பகுதிகளில் ஒப்பீடு சில இடங்களில் தித்திக்கிறது, சில இடங்களில் சப்பென்று இருக்கிறது. பல் விழ விழச் சுறாவுக்குப் பின்வரிசையிலிருந்து புதுப்பல் முன்னால் வந்துகொண்டே இருக்கும், ஆயுள் முழுக்க. மானுக்குக் கடைவாய்ப்பல் தேய்ந்தால் தேய்ந்ததுதான்; தேய்மானத்தைப் பார்த்தே அதன் வயதை மதிப்பிடுகிறார்கள். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, தடித்த ஈறு மட்டும். ஆனால் ஆண்மான் வருடந்தோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. பாலூட்டிகளில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை என்றே சொல்லலாம். ஒன்றுக்குப் பல், மற்றதற்குக் கொம்பு. இருட்டில் வெளிச்சம் பட்டால் இரண்டின் கண்ணும் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இரண்டுக்கும் இருக்கிறது. சுறாவின் மூக்கருகே உள்ள துளைகள் இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தையும் உணரும். அந்த உறுப்புகளை 1678இல் விவரித்த இத்தாலியர் லொரென்சினியின் பெயரே அவற்றுக்கு வழங்குகிறது. மானிடம் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்த ஒற்றுமை யூரியா. நம் உடம்பு கழிவென்று சிறுநீரில் தள்ளும் இந்தப் பொருளைச் சுறா ரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்கிறது. கடலின் உப்பு உடம்பு நீரை உறிஞ்சிவிடாமல் காப்பது அதுதான். மானும் யூரியாவை முழுக்க வெளியே விடுவதில்லை. ஒரு பகுதியை உமிழ்நீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் இரைப்பையின் முதல் அறைக்கே திருப்பி அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்கின்றன. காய்ந்த புல்லைத் தின்று மான் கோடையைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவை முதலாக்கும் இந்தச் சாமர்த்தியம் நம் சமையலறையிலும் தலைகாட்டுகிறது. சுறா செத்த பிறகு யூரியா சிதைந்து அம்மோனியா வாடை கிளம்புகிறது. அதனால்தான் சுறாப்புட்டுக்கு மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரத்த தோலை உரித்து, உதிர்த்து, கையால் நன்றாகப் பிழிந்து நீரை வடித்த பிறகே சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதங்கும் சட்டியில் போடுகிறார்கள். பிழியாமல் போட்டால் வீடே காட்டிக்கொடுத்துவிடும்.

கொடுமை, சாது என்ற பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். உலகம் முழுவதும் தூண்டுதல் இல்லாமல் சுறா கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேரைத் தாண்டுவது அரிது. பால் சுறா அந்தப் பட்டியலிலேயே வராது. மறுபக்கம், அந்தமானில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவிடப்பட்ட புள்ளிமான், புலியும் சிறுத்தையும் இல்லாத தீவுகளில் பெருகி, தீவுக்குத் தீவு நீந்திப் போய், முளைக்கும் கன்றுகளை மேய்ந்து காட்டையே மாற்றி வருகிறது. சாது என்ற பட்டம் இடத்தைப் பொறுத்தது.

மாற்ற முடியாத வித்தியாசம் ஒன்றுண்டு. மானை எண்ணலாம், சுறாவை எண்ண முடியாது. பாதுகாப்பைப் பற்றிய பேச்சு எல்லாம் இங்கே வந்துதான் முட்டுகிறது.

மணிப்பூரின் சங்காய் மானை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் அழிந்தே போனதாகக் கருதப்பட்டது. 1953இல் இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ லோக்தாக் ஏரியின் மிதக்கும் புல்வெளியில் சில மான்கள் மிஞ்சியிருப்பதைக் கண்டார். 1975இல் வானிலிருந்து கணக்கெடுத்தபோது 14. அந்த 14 என்ற எண் அச்சத்தைக் கொடுத்தது. அச்சம் காரியத்தைக் கொடுத்தது. 1977இல் கைபுல் லம்ஜாவோ தேசியப் பூங்கா அமைந்தது. 2016 கணக்கெடுப்பில் 260. ஒரு எண் இருந்ததால் ஒரு மான் பிழைத்தது.

இப்போது நம் கரையோரத்துக்கு வாருங்கள். புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா இனம் ஒன்று உண்டு. 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஒரு மீட்டர் அளவுள்ள சின்னச் சுறா, கரையோரத்தில் வாழ்வது. ஏறக்குறைய பால் சுறாவின் உருவம். உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகள் இருபதுக்கும் குறைவு. கடைசியாக உறுதியான பதிவு 1979. அதற்குப் பிறகு எங்கே போனது? முற்றும் அழிந்ததா, எங்காவது ஆற்று முகத்துவாரத்தில் நாலு பேர் மிஞ்சியிருக்கிறார்களா? ஹெலிகாப்டர் ஏறிக் கடலுக்கடியில் எண்ண வழியில்லை. கரைக்கு வரும் கூறுகளில் பால் சுறாவோடு கலந்து அது வந்திருந்தாலும் ஏலக் கூச்சலில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? சங்காய் மறைந்தது செய்தியாயிற்று. புதுச்சேரிச் சுறா மறைந்தது புதுச்சேரிக்கே தெரியாது.

கடல் முழுவதற்குமான ஒரு மதிப்பீடு 2021இல் வந்தது. 1970க்குப் பிறகு திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்கிறது. பால் சுறா பெருங்கடல் இனம் அல்ல என்பதால் அந்த எண் அதற்கு நேராகப் பொருந்தாது. அதை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020இல் தனியாக மதிப்பிட்டு, அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது.

சட்டத்தின் கதையில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பளிச்சென்று தெரியும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புள்ளிமான் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் 1991 திருத்தத்தோடு அடைபட்டது. அந்தச் சட்டத்துக்குள் சுறா நுழைய 2001 ஆக வேண்டியிருந்தது. அந்த வருடம் மே மாதம் திமிங்கலச் சுறா முதல் அட்டவணையில் சேர்ந்தது. ஜூலையில் அரசு ஒரே தாவாகத் தாவிச் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் பட்டியலில் சேர்த்தது. நாடு முழுவதும் மீனவர்கள் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? வலையில் எது ஏறும் என்று தேர்ந்தெடுக்க முடியாதவனை, ஏறியதற்காகச் சிறையில் போடலாம் என்றது சட்டம். காட்டில் துப்பாக்கியால் குறிபார்த்து மானைச் சுடுவதும், செவுள் வலையில் தானாக வந்து சுறா மாட்டுவதும் ஒரே குற்றம் ஆகுமா? டிசம்பரில் அரசு பின்வாங்கி, திமிங்கலச் சுறா, புதுச்சேரிச் சுறா, கங்கைச் சுறா, வேளா வகைகள் உட்படப் பத்து இனங்களோடு நிறுத்திக்கொண்டது. அந்தப் பின்வாங்கல் சரி என்றே நினைக்கிறேன். தவறு, மானுக்குத் தைத்த சட்டையைச் சுறாவுக்கு அப்படியே மாட்டப் பார்த்தது. குட்டி போடும் கணக்கில் இரண்டும் ஒன்று. பிடிபடும் விதத்தில் ஒன்றல்ல.

அடுத்த கட்டங்களில் அரசு கொஞ்சம் நிதானித்தது. 2013இல், பிடித்த சுறாவின் துடுப்பைப் படகிலேயே வெட்டி எடுத்து உடலைக் கடலில் எறியக் கூடாது, முழு மீனாகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி வந்தது. 2015இல் சுறாத்துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பன்னாட்டு அளவில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்காக 2022இல் பனாமா நகரில் கூடிய மாநாடு பால் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, எல்லை தாண்டும் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. உள்ளூர்ப் புட்டுச் சட்டியை இவை எவையும் தொடவில்லை.

சட்டத்தால் முடியாததைப் பேச்சால் சாதித்த ஊரும் உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்று வந்தார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அதை வெளியே கொண்டுவந்தது. தடை வந்த பிறகு, 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மேடை மேடையாகச் சொன்னது ஒன்றுதான்: இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், இதைக் கொல்லலாமா? உயிரியல் பாடத்தில் ஓர் எழுத்துகூட அவர் எடுக்கவில்லை. ஆனால் சரியான இடத்தைத் தொட்டார். கொன்று வந்த அதே மீனவர்கள், தங்கள் வலையை அறுத்து மீனை விடுவிக்கத் தொடங்கினார்கள். அறுந்த வலைக்கு இழப்பீடும் கிடைத்தது. அந்த இழப்பீடு இல்லாமல் வெறும் மகள் பேச்சு எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் பிரசவமும் சுறாவும் வேறு விதமாகச் சேர்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால் சுறாவைச் சமைத்துப் போடுகிறோம். நல்ல புரதம், எளிதில் செரிக்கும் என்ற அளவில் பாட்டிமார் சொன்னதில் பிழை காண மாட்டேன். ஆனால் சுறா ஊன் தின்னும் மீன். கடலின் பாதரசம் இரை வழியாக ஏறி அதன் சதையில் சேர்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது. பால் சுறா சின்ன இனம், பெரிய சுறாக்கள் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்க வாய்ப்புக் குறைவு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். கூறில் கிடப்பது எந்த இனம் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் மட்டுமே அந்த ஆறுதல் செல்லும்.

அப்படியானால் என்னதான் செய்வது? வாங்குபவர் குட்டியை ஒதுக்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தொப்புள் கீறல் ஆறாத குட்டியை வாங்காதீர்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் அதில் அதிக நம்பிக்கை இல்லை. இழுவை மடியில் ஏறும் குட்டி மேலே வரும்போது பெரும்பாலும் செத்திருக்கும். வாங்காவிட்டால் கருவாடாகும், இல்லாவிட்டால் கோழித்தீவனத்துக்குப் போகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. ஒரு வருடம் சினை சுமக்கும் மீனுக்கு அது போதாது.

குட்டிகள் ஒதுங்குவது கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில். 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளை அந்தப் பகுதியிலிருந்து விலகியே தொழில் செய்யச் சொல்கிறது. சுறாவுக்காக எழுதியதல்ல, நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்ற எழுதியது. விசைப்படகுகள் கரைக்கு வந்து மடி இழுத்து எங்கள் வலைகளை அறுக்கின்றன என்பது நாட்டுப்படகு மீனவர்களின் தீராத புகார். புதுச் சட்டம், புதுப் பட்டியல், புதுப் பூங்கா எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற அந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே பால் சுறாவுக்கு ஒரு கிண்டிப் பூங்கா கரை நெடுகக் கிடைத்துவிடும். அதைக் கேட்டு வாங்கத் தயாராக ஒரு கூட்டமும் ஏற்கனவே கரையில் நிற்கிறது. மானுக்காகக் காடு ஒதுக்கியபோதுகூட அரசுக்கு இவ்வளவு சுலபமான வேலை வாய்க்கவில்லை.